விமானப் படிவத்தில் ‘அவசரத் தொடர்பு’: யாருடைய பெயரை எழுதுவது?

கேள்வி: என் மாமனாரும் (வயது 76) மாமியாரும் (வயது 70) அடுத்த மாதம் சென்னையிலிருந்து தோகா வழியாகச் சிகாகோவில் இருக்கும் என் கொழுந்தனார் வீட்டுக்குப் போகிறார்கள். விடுமுறைக்கு இங்கே வந்திருந்த என் நாத்தனாரின் மகன், அமெரிக்கக் குடியுரிமை உள்ள கல்லூரி மாணவன், அதே விமானத்தில் அவர்களுடன் திரும்புகிறான். டிக்கெட்டை ஒரு ஏஜென்ட் எடுத்துக் கொடுத்தார். இணையத்தில் விவரங்களைச் சரிபார்த்தபோது, ‘அவசரத் தொடர்பு’ என்ற கட்டத்தில் மாமனாருக்கு மாமியார் பெயரும், மாமியாருக்கு மாமனார் பெயரும், இருவருக்கும் ஏஜென்டின் செல்பேசி எண்ணும் இருந்தன. பையனுக்குத் ‘தர விருப்பமில்லை’ என்று குறித்திருந்தார்கள். இந்தக் கட்டத்தை நிரப்புவது கட்டாயமா? இதை யார் பார்ப்பார்கள்? இதில் பெயர் இருப்பவருக்குத்தான் இழப்பீட்டுப் பணம் போகும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். மாமியாரோ, ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் இதையெல்லாம் எழுதுவதே அபசகுனம் என்கிறார். என்ன செய்வது?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக உங்கள் மாமனாரையோ மாமியாரையோ யாரும் விமானத்தில் ஏற்றாமல் நிறுத்தப் போவதில்லை, பையனுக்கும் அப்படித்தான். ஆனால் இப்போது மூவருக்கும் பதிவாகியிருப்பவை, காலியாக விட்டதைவிட எந்த வகையிலும் மேலானவை அல்ல. புறப்படுவதற்கு முன் மூன்றையும் மாற்றிவிடுங்கள்.

கணவருக்கு மனைவி பெயரையும் மனைவிக்குக் கணவர் பெயரையும் எழுதுவது, பயணப் பதிவுகளைப் பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் அடிக்கடி காணும் தவறு. வங்கியிலும் மருத்துவமனையிலும் அப்படி எழுதியே பழகியிருப்பதால் கை தானாக அங்கே போகிறது. இந்தப் படிவம் கேட்பது வேறு. விமானத்துக்கு ஏதேனும் நேர்ந்தால் தரையில் இருக்கும் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் இதிலுள்ள ஒரே கேள்வி. பக்கத்து இருக்கையில் அமர்ந்து அதே விமானத்தில் பறப்பவரின் பெயர் அதற்கு விடையாகாது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி, தொடர்பாளர் என்பவர் அந்த விமானத்தில் பயணம் செய்யாதவராக இருக்க வேண்டும் என்று வரையறையிலேயே சொல்லிவிடுகிறது. அவர் பயணிக்கு உறவினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. நண்பராகவோ ஒரு நிறுவனமாகவோகூட இருக்கலாம்.

ஏஜென்டின் எண்ணைக் கொடுத்திருப்பது இரண்டாவது கோளாறு. அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். ஒரே நாளில் பல டிக்கெட்டுகள் போடும் மேசையில், கைக்கு மனப்பாடமான எண் எல்லாக் கட்டங்களிலும் விழுந்துவிடும். ஆனால் இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போகிறவருக்கு உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன உடல்நிலை, எவரிடம் எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது தெரியாது.

கட்டாயமா என்ற கேள்விக்கு விடை சொல்ல, இந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1988 டிசம்பர் 21 அன்று, லண்டனிலிருந்து நியூயார்க் நோக்கிப் புறப்பட்ட பான் ஆம் 103 விமானம் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகருக்கு மேலே குண்டு வெடித்துச் சிதறியது. விமானத்திலிருந்த 259 பேரும் நகரத்தில் 11 பேரும் உயிரிழந்தார்கள். தங்கள் பிள்ளைகள் அந்த விமானத்தில் ஏறினார்களா இல்லையா என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல ஆளில்லாமல் குடும்பங்கள் பல மணி நேரம் தொலைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே தவித்தன. பயணிகள் பட்டியல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் கைக்கு வந்துசேரத் தாமதமானது. வந்த பட்டியலை வைத்துக்கொண்டு குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதும் எளிதாக இருக்கவில்லை. இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் எழுப்பிய குரலின் பேரில் அமெரிக்க அதிபர் அமைத்த ஆணையம் 1990-இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு இறுதியில் சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் விதி, செலவு யாருடையது, நேரம் எவ்வளவு பிடிக்கும் என்ற வாதங்களிலேயே ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. 1995 டிசம்பரில் கொலம்பியாவில் ஓர் அமெரிக்க விமானம் மலையில் மோதிய பிறகு பேச்சு மறுபடி எழுந்து, 1998-இல்தான் விதி நடைமுறைக்கு வந்தது. சட்டத்துக்கும் விதிக்கும் இடையே எட்டு ஆண்டுகள் போனதற்கு அந்த வாதங்கள் போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த விதியின் சாரம் இது. அமெரிக்காவுக்கு வரும் அல்லது அங்கிருந்து புறப்படும் விமானத்தில் பயணம் செய்யும் ஒவ்வோர் அமெரிக்கக் குடிமகனின் முழுப்பெயரையும் விமான நிறுவனம் பெற்றே ஆக வேண்டும். முழுப்பெயர் தராதவரை விமானத்தில் ஏற்றக் கூடாது. தொடர்பாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நிறுவனம் கேட்டாக வேண்டும். ஆனால் தருவதும் மறுப்பதும் பயணியின் விருப்பம். பெரும் விபத்து ஒன்று நேர்ந்ததாக நிறுவனத்துக்குத் தெரியவந்தால், அந்த நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இந்தத் தகவல்கள் அமெரிக்க வெளியுறவுத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். இது அமெரிக்க நிறுவனங்களுக்கு மட்டுமல்லாமல், அந்நாட்டுக்கு விமானம் இயக்கும் பிற நாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

ஆகவே, சட்டப்படி கேட்கப்பட வேண்டியவன் உங்கள் நாத்தனாரின் மகன். இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்யும் மாமனாருக்கும் மாமியாருக்கும் அந்த விதி நேரடியாகப் பொருந்தாது. யார் எந்த நாட்டுக் குடிமகன் என்று பிரித்துக் கேட்பதைவிட எல்லோரிடமும் கேட்டுவிடுவது எளிது என்பதால் பல நிறுவனங்கள் ஒரே கட்டத்தை எல்லாப் பயணிகளுக்கும் வைத்திருக்கின்றன. கேட்காமலே விட்டிருந்தால்தான் உங்களுக்கு நஷ்டம்; கேட்பதை நல்லதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அமெரிக்க விதி தோகா – சிகாகோ பறப்புக்குத்தான் பொருந்தும், சென்னை – தோகா பறப்புக்கு அல்ல. இரண்டும் ஒரே பதிவில் இருந்தால் கொடுத்த விவரம் பொதுவாக இரண்டுக்கும் நிற்கும். இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளாக எடுத்திருந்தால் இரண்டிலும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கும் வேறு சிலர் பிராங்க்பர்ட் அல்லது பாரிஸ் வழியாகப் போகக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு 996-ஆம் எண் ஒழுங்குவிதியின் 20-ஆம் பிரிவு, தொடர்பாளரின் பெயரையும் விவரத்தையும் கொடுக்கும் வாய்ப்பைப் பயணிகளுக்கு விமான நிறுவனம் வழங்க வேண்டும் என்கிறது. இதில் குடியுரிமை பார்ப்பதில்லை. விபத்துச் செய்தி கிடைத்த இரண்டு மணி நேரத்துக்குள் விமானத்தில் இருந்தவர்களின் பட்டியல் தயாராக வேண்டும். உறவினர்களுக்குத் தெரிவிப்பதற்கு முன் பெயர்களை வெளியிடக் கூடாது. தொடர்பாளரின் விவரத்தை விபத்து நேர்ந்தால் மட்டுமே பயன்படுத்தலாம். வணிகத்துக்குப் பயன்படுத்தவோ மூன்றாமவருக்குத் தரவோ கூடாது.

யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. அமெரிக்க விதியின்படி அந்தத் தகவல் இரகசியமாக வைக்கப்பட வேண்டியது. வெளியுறவுத் துறை, போக்குவரத்துத் துறை, விபத்துகளை விசாரிக்கும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆகியவற்றுக்குத் தவிர வேறெவருக்கும் போகக் கூடாது. பயணிகள் அனைவரும் நலமாக இறங்கும்வரை அதை வைத்திருந்தால் போதும் என்பதுதான் விதியின் எதிர்பார்ப்பு. குடியேற்ற அதிகாரி இதைப் பார்த்து விசாவில் சந்தேகம் கொள்வார் என்று சிலர் அஞ்சுவது வீண் அச்சம். அவருடைய மேசைக்குப் போவது வேறு தகவல்.

எது வேறு, எது இது என்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் குழம்புகின்றன. ஒரே இணையப் பக்கத்தில் அடுத்தடுத்து மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றிலும் தொலைபேசியோ முகவரியோ கேட்கும். ஒன்று, பயணியின் சொந்தச் செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும். விமானம் தாமதமானாலோ நேரம் மாறினாலோ செய்தி அனுப்புவதற்காக விமான நிறுவனங்கள் கேட்பது இது; ஏஜென்ட்கள் இதைப் பயணியிடம் கேட்டுப் பதிய வேண்டும் என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் தீர்மானமே இருக்கிறது. எங்கள் திரையில் இது ‘சிடிசிஎம்’ (செல்பேசி), ‘சிடிசிஈ’ (மின்னஞ்சல்) என்ற குறிகளோடு நிற்கும். இரண்டாவது, அமெரிக்காவில் முதலில் தங்கப்போகும் இடத்தின் முகவரி. கடவுச்சீட்டு விவரங்களோடு சேர்ந்து முன்கூட்டியே அமெரிக்க எல்லைக் காவல் துறைக்குப் போவது இதுதான். உங்கள் கொழுந்தனாரின் சிகாகோ முகவரி இங்கேதான் வர வேண்டும். மூன்றாவதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் அவசரத் தொடர்பு. இதன் குறி ‘பிசிடிசி’. அந்த வரியில் தொடர்பாளரின் பெயர், அவருடைய நாட்டின் இரண்டெழுத்துக் குறி, தொலைபேசி எண் ஆகியவை இருக்கும். ஏஜென்டை அழைத்து, “மூன்று பேருக்கும் பிசிடிசி வரியில் என்ன இருக்கிறது, படித்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் தயங்காமல் படிப்பார். மாற்றச் சொன்னால் அப்போதே மாற்றிக் கொடுப்பார்.

கடவுச்சீட்டு எடுத்தபோதே விண்ணப்பத்தில் அவசரத் தொடர்பு கொடுத்தோமே, அது போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அது கடவுச்சீட்டு அலுவலகத்தின் பதிவில் இருக்கிறது. விமான நிறுவனத்தின் கண்ணுக்கு அது தெரியாது. பிரிட்டன் போன்ற நாடுகளின் கடவுச்சீட்டில், விசாவுக்குப் பதிலாக எஸ்டா எனப்படும் இணைய அனுமதி பெற்று அமெரிக்கா போகும் நம்மவர்கள் அந்த விண்ணப்பத்திலும் அவசரத் தொடர்பு எழுதுகிறார்கள். அதுவும் வேறு கோப்புக்குப் போவதுதான்.

இனி, யாரை எழுதுவது? நீங்கள் மூவருக்கும் ஒரே பெயரை எழுத வேண்டியதில்லை என்பதோடு, எழுதாமல் இருப்பதே நல்லது. ஒரு பயணிக்கு ஒரு தொடர்பாளர்தான் என்று பெரும்பாலான படிவங்கள் கட்டுப்படுத்தும். ஆனால் உங்கள் வீட்டில் போகிறவர்கள் மூவர். மாமனாருக்கு உங்கள் கொழுந்தனாரின் பெயரையும் சிகாகோ எண்ணையும், மாமியாருக்கு உங்கள் பெயரையும் திருச்சி எண்ணையும், பையனுக்கு அவனுடைய பெற்றோரில் ஒருவரையும் கொடுத்தால், ஒரு குடும்பத்துக்குள் வர மூன்று வழிகள் திறந்திருக்கும். இதற்கு நேரக் கணக்கும் ஒரு காரணம். சிகாகோ நமக்குக் கோடையில் பத்தரை மணி நேரமும் குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேரமும் பின்தங்கியது. தோகாவிலிருந்து போகும் அந்த நீண்ட பறப்பின் பாதி நேரம் ஓர் ஊர் உறங்கிக்கொண்டிருக்கும். மீதி நேரம் இன்னோர் ஊர் உறங்கும். இரண்டு ஊர்களிலும் ஒவ்வோர் ஆள் இருந்தால் எந்நேரமும் ஒருவராவது விழித்திருப்பார்.

பையன் விஷயத்தில் மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. தாத்தா பாட்டியோடு அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்து போனாலும், அவனுடைய பெயர் அமெரிக்க வெளியுறவுத் துறைக்குப் போகும் பட்டியலில் வரும். அவர்களுடைய பெயர்கள் இந்தியத் தூதரகத்தின் கவனத்துக்குப் போகும். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த லண்டன் விமானத்தின் 230 பயணிகளில் 169 பேர் இந்தியர், 53 பேர் பிரிட்டன் குடிமக்கள், 7 பேர் போர்ச்சுகல், ஒருவர் கனடா. ஒரே விமானத்தைப் பற்றி நான்கு அரசுகள் தத்தம் குடிமக்களைத் தேட வேண்டியிருந்தது. இவன் தாத்தாவோடுதான் போகிறான், அவர்கள் தகவலே போதும் என்று ஏஜென்ட் எண்ணியிருந்தால் அது பிழை. பையன் வயது வந்தவன் என்பதால் அவனையே கேட்டு, அவன் சம்மதத்தோடு ‘தர விருப்பமில்லை’ என்ற குறியை நீக்கச் சொல்லுங்கள்.

தொடர்பாளராக வீட்டுக்கு மூத்தவரைப் போடுவதுதான் மரியாதை என்று ஒரு வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த ஒரு இடத்தில் அதைப் பார்க்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு அறியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பவர், எதிர்முனையில் ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவர், கேட்டதை மற்றவர்களிடம் பக்குவமாகக் கொண்டு சேர்ப்பவர் எவரோ அவரே பொருத்தமானவர். இதய நோயுள்ள பெரியம்மாவைவிட இருபத்தைந்து வயது மருமகன் இதற்கு மேல். தெரியாத எண்களையெல்லாம் தானாகவே தடுத்துவிடும் அமைப்பு இப்போது பலருடைய செல்பேசியில் இயங்குகிறது. தொடர்பாளராக இருப்பவர் பயண நாட்களில் மட்டும் அதை அணைத்து வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், அவரிடம் சொல்லிவிட்டு அவர் பெயரைக் கொடுங்கள். தன் பெயர் ஒரு படிவத்தில் இருப்பதே தெரியாத தொடர்பாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எண்ணைப் பதியும்போது நாட்டுக் குறியைக் கவனியுங்கள். வளைகுடா நிறுவனங்களின் பக்கங்களில் அந்தச் சிறு பட்டியல் திறக்கும்போதே அந்நாட்டுக் குறி முன்னால் நிற்கக்கூடும். அதைக் கவனிக்காமல் உங்கள் பத்து இலக்க எண்ணை அடித்தால், திருச்சி எண்ணுக்கு முன்னால் கத்தாரின் 974 ஒட்டிக்கொள்ளும். அப்படியோர் எண் எங்குமே ஒலிக்காது. இந்திய எண்ணென்றால் 91, பிறகு பத்து இலக்கங்கள். முன்னால் பூஜ்யம் வேண்டாம். சிகாகோ எண்ணென்றால் 1, பிறகு பகுதிக் குறியோடு பத்து இலக்கங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி சந்திக்கும் ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. வீட்டில் ‘ச. முருகேசன்’ என்று அழைக்கப்படும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடவுச்சீட்டில் தலைப்பெழுத்து விரிந்து, குடும்பப்பெயர் என்ற இடத்தில் தந்தையின் பெயரான சண்முகம் வந்திருக்கும். விமானப் பட்டியலில் குடும்பப்பெயர் முன்னால் வருவதால் அவர் ‘சண்முகம் / முருகேசன் மிஸ்டர்’ ஆகிவிடுவார். குடும்பப்பெயரே இல்லாத கடவுச்சீட்டென்றால் அமெரிக்க விசாவில் பெயர் முழுவதும் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், பெயர் என்ற இடத்தில் ‘எஃப்என்யு’ என்று மூன்றெழுத்து நிற்கும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. மனைவியின் கடவுச்சீட்டில் கணவர் பெயர் இருக்கலாம், தந்தை பெயரும் இருக்கலாம். ஆகவே கணவன் மனைவி இருவரும் பட்டியலில் வெவ்வேறு எழுத்துகளின் கீழ், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள் போல நிற்பார்கள். இது சாதாரண நாளில் எந்தக் குறையுமில்லை. ஆனால் விமானம் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டு, நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு ஆயிரக்கணக்கான அழைப்புகள் குவியும் நேரத்தில், “முருகேசன் என்று ஒரு பெரியவர்” என்று நீங்கள் கேட்டால் அந்தப் பெயரில் எவருமில்லை என்ற பதில் வந்துவிடலாம். எனவே தொடர்பாளர் ஒவ்வொருவரிடமும் மூன்று கடவுச்சீட்டுகளின் முகப்புப் பக்கப் படமும், விமான எண்ணும், பிஎன்ஆர் எனப்படும் ஆறெழுத்துப் பதிவுக் குறியும் இருக்கட்டும். பேசும்போது கடவுச்சீட்டிலுள்ள பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பிறந்த தேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடர்பாளரின் பெயரைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். எந்தப் பெயர் சொல்லிக் கேட்டால் “ஆமாம், நான்தான்” என்பாரோ அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் போதும்.

தொடர்பாளருக்கு வேலை, செய்தியைக் கேட்பது மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பட்டியலில் பெயர் இருப்பவர் உண்மையில் ஏறினாரா என்பதை உறுதிசெய்வதிலும் அவர் தேவைப்படுகிறார். 2014 மார்ச்சில் காணாமற்போன எம்எச் 370 விமானத்தின் பட்டியலில் ஓர் இத்தாலியரும் ஓர் ஆஸ்திரியரும் இருந்தார்கள். திருடப்பட்ட அவர்களுடைய கடவுச்சீட்டுகளில் வேறு இருவர் பயணம் செய்திருந்தார்கள், பெயருக்கு உரியவர்களோ உயிரோடு நலமாக இருந்தார்கள். காகிதத்தில் உள்ள பெயருக்கும் இருக்கையில் உள்ள மனிதருக்கும் இடையே இருக்கும் அந்த இடைவெளியை ஒரு தொலைபேசி உரையாடல்தான் நிரப்புகிறது.

ஒரு நிறுவனம் விற்ற டிக்கெட்டில் இன்னொரு நிறுவனத்தின் விமானம் பறக்கும் ஏற்பாடு இப்போது அதிகம். உங்கள் டிக்கெட்டில் ‘இயக்குபவர்’ என்ற இடத்தில் வேறு பெயர் இருந்தால், அந்த நிறுவனத்துக்கென்று தனியாக ஒரு பதிவுக் குறி இருக்கும். அதை ஏஜென்டிடம் கேட்டு வாங்கி, அந்த நிறுவனத்தின் பக்கத்திலும் அவசரத் தொடர்பு தெரிகிறதா என்று பாருங்கள். விற்றவரிடம் கொடுத்த விவரம் பறப்பவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடுவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்வதில்லை.

உங்கள் உறவினர் சொன்ன பணக் கணக்குக்கு வருகிறேன். அவசரத் தொடர்பு என்பது நாமினி அல்ல. விமான விபத்தில் இழப்பீடு யாருக்கு எவ்வளவு என்பதை 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியால் உடன்படிக்கையும் அந்தந்த நாட்டுச் சட்டமும் தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டில் குடும்பத்தார் யார் என்று காட்ட வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் போன்ற ஆவணங்களே கேட்கப்படும். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதில் நாமினி என்று தனியே ஒரு கட்டம் உண்டு. உரிமை பற்றிய பேச்சு அங்கேதான் வர வேண்டும். கொழுந்தனாரின் பெயரைத் தொடர்பாளராகக் கொடுத்ததால் அவருக்கு ஓர் உரிமை கூடுவதுமில்லை, உங்கள் கணவருக்கு ஒன்று குறைவதுமில்லை. இதைச் சொல்லி அந்த உறவினரின் வாயை அடைத்துவிடலாம்.

உங்கள் மாமியாரின் மனக்குறையை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது வாயில் கெட்ட சொல் வரக் கூடாது என்று வளர்ந்தவரிடம், இப்படியொரு தலைப்பிட்ட படிவத்தை நீட்டினால் மனம் கலங்கத்தான் செய்யும். அவரை உட்கார வைத்து இதை நிரப்ப வேண்டிய தேவையே இல்லை. உங்கள் வீட்டில் இளையவர் ஒருவர் இணையத்தில் மாற்றிவிடலாம். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: தீர்த்த யாத்திரைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் போகும் ஊரையும் திரும்பும் நாளையும் சொல்லிவிட்டுப் போவதில்லையா, அதைப் போல இது. தவிர, விபத்தை மனத்தில் வைத்து விதி எழுதப்பட்டிருந்தாலும், நீண்ட பறப்பில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து விமானம் இடையில் ஓர் ஊரில் இறங்குவதும், அவரோடு வந்தவர் மொழி தெரியாமல் தனியாக நிற்பதும் அதைவிடப் பன்மடங்கு அதிகமாக நடக்கின்றன. அப்படி இறங்கிய ஊரில் விமான நிறுவனத்தின் ஊழியர் முதலில் தேடுவது, வீட்டில் பேசக்கூடிய ஓர் எண்ணைத்தான்.

அதற்காகவே, கணினியில் உள்ளதை மட்டும் நம்பாமல் ஒரு சிறு அட்டையும் எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், தமிழ் மட்டும் பேசுவார் என்ற குறிப்பு, சிகாகோ எண், திருச்சி எண், அன்றாடம் சாப்பிடும் மருந்துகளின் மூலப்பெயரும் அளவும், ஒவ்வாத மருந்து ஏதேனும் இருந்தால் அது, காப்பீட்டுப் பாலிசி எண், அந்நிறுவனத்தின் உதவி எண். இருவருக்கும் தனித்தனி அட்டை. ஒருவர் பையில் இருவருடையதும் இருக்கக் கூடாது. அதைக் கைப்பெட்டியிலும் வைக்க வேண்டாம். அவசரமாக விமானத்திலிருந்து இறங்கச் சொல்லும்போது பைகளை விட்டுவிட்டு இறங்கத்தான் பணிப்பெண்கள் சொல்வார்கள். வீல்சேரில் போகும்போதும் பை ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் ஆவதுண்டு. கழுத்தில் தொங்கும் கடவுச்சீட்டு உறைக்குள் அட்டை இருக்கட்டும். மாமனாரின் சொந்தச் செல்பேசியில் தோகாவிலும் அமெரிக்காவிலும் வேலை செய்யும் ரோமிங் இல்லையென்றால், முதலில் சொன்ன ‘சிடிசிஎம்’ கட்டத்தில் ஏஜென்டின் எண்ணை எடுத்துவிட்டுப் பையனின் எண்ணைப் போடச் சொல்லுங்கள். தோகாவில் நுழைவாயில் மாறினால் செய்தி அவனுக்கு வந்தால்தான் பெரியவர்களை நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு நடக்க முடியும்.

திரும்பும் பயணம் சில மாதங்கள் கழித்து என்பதால், அதற்கும் ஒரு முறை இதையெல்லாம் பார்த்துவிடுங்கள். அதற்குள் டிக்கெட் தேதி மாறி, புதிய பதிவில் பழைய விவரம் விழாமல் போயிருக்கலாம். கொழுந்தனாரே பெற்றோரைக் கொண்டுவந்து விட அதே விமானத்தில் வருவதானால், மாமனாரின் கட்டத்தில் அவருடைய பெயர் இருக்கக் கூடாது. அதற்குப் பதிலாகச் சிகாகோ வீட்டில் இருக்கப்போகும் அவருடைய மனைவியின் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.